மார்கன் டாலர் வாங்கப் போறீங்களா? காசை எடுக்குறதுக்கு முன்னாடி லைட்டுக்கு கீழ ரெண்டு நிமிஷம்

மார்கன் டாலர்னா அமெரிக்காவோட பழைய வெள்ளி டாலர் காயின். 1884ல சான் பிரான்சிஸ்கோ மிண்ட்ல (காசு அடிக்கிற அரசாங்க ஆலை) அடிச்ச மார்கன் டாலர் ரெண்டை பக்கத்துல பக்கத்துல வெச்சா புதுசா பாக்குறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும். ஒண்ணு கொஞ்சம் தேஞ்சிருக்கும், இன்னொண்ணு தேயல, அவ்ளோதான் வித்தியாசம். ஆனா தேஞ்சதை குடும்பத்தோட ஹோட்டல்ல ஒரு வேளை சாப்பிடுற காசுக்கு வாங்கிடலாம், தேயாததுக்கு ஒரு காரே வாங்குற காசு வேணும். இந்த ரெண்டுக்கும் நடுவுல "கிட்டத்தட்ட தேயல"ன்னு ஒரு ரகம் இருக்கு பாருங்க, புதுசா வர்றவங்க பணம் எல்லாம் அங்கதான் போகுது.

நான் டீலர் இல்ல. அமெரிக்காவுல வேலைக்கு வந்த இடத்துல வாரக்கடைசி காயின் ஷோ பழக்கம் ஒட்டிக்கிச்சு, அவ்ளோதான். நிறைய தப்பா வாங்கிட்டு அப்புறம் கத்துக்கிட்டதை வரிசையா சொல்றேன்.

முதல்ல காயினைப் பத்தி ரெண்டு வார்த்தை. 1878ல இருந்து 1904 வரைக்கும் அடிச்சாங்க, திரும்ப 1921ல ஒரே ஒரு வருஷம். (2021ல இருந்து சேகரிப்பாளருங்களுக்குன்னு மறுபடி அடிக்கிறாங்க, அது வேற கதை, அதை இதுல சேக்கல.) டிசைன் பண்ணினவர் ஜார்ஜ் மார்கன், இங்கிலாந்துல இருந்து ஃபிலடெல்ஃபியா மிண்டுக்கு வேலைக்கு வந்தவர், முன்பக்கம் இருக்குற லிபர்ட்டி (சுதந்திர தேவி) முகத்துக்கு மாடலா உக்காந்தது அன்னா வில்லியம்ஸ்னு ஒரு டீச்சரம்மா. எடை 26.73 கிராம், குறுக்களவு 38.1 மில்லிமீட்டர், 90 சதவீதம் வெள்ளி, மிச்சம் செம்பு. பின்பக்கம் கழுகுக்கு கீழ மாலை மாதிரி இலைக்கொத்து இருக்கும், அதோட முடிச்சுக்கு கீழ ஒரு குட்டி எழுத்து, அதுதான் மிண்ட் மார்க். ஓ இருந்தா நியூ ஆர்லியன்ஸ், எஸ் இருந்தா சான் பிரான்சிஸ்கோ, சிசி இருந்தா நெவாடாவுல இருந்த கார்சன் சிட்டி, டி இருந்தா டென்வர் (1921ல மட்டும்), எதுவுமே இல்லன்னா ஃபிலடெல்ஃபியா. இதை முதல்லயே பாத்துக்கணும், ஏன்னா எந்த மிண்ட்னு தெரியாம கிரேடு (காயினோட தர நம்பர்) போட்டா தப்பாப் போயிடும், ஏன்னு கொஞ்ச நேரத்துல வரேன்.

கிரேடுன்னா என்னன்னு கேட்டா எனக்குத் தெரிஞ்சு அது அந்தக் காயின் எப்படி வாழ்ந்துச்சுங்கற கதைதான். கல்லாவுலயும் பாக்கெட்லயும் புழங்குச்சா, மூட்டைக்குள்ள தூங்குச்சா, நடுவுல யாராவது தேச்சுக் கழுவிட்டாங்களா. 1878ல ஒரு சட்டம் போட்டாங்க, அரசாங்கம் மாசாமாசம் 20 லட்சம் டாலருக்குக் குறையாம வெள்ளி வாங்கி இந்த டாலரா அடிச்சே ஆகணும்னு. மேற்குப் பக்கம் ஜனங்க இதை நல்லா பொழங்கினாங்க, கிழக்குப் பக்கம் இவ்ளோ கனத்தை யார் பாக்கெட்ல சுமப்பாங்க, நோட்டே போதும்னுட்டாங்க. அதனால கோடிக்கணக்கான காயின் ஆயிரம் ஆயிரமா துணி மூட்டையில கட்டி கஜானாவுல கெடந்துச்சு. ஒரு மூட்டை கிட்டத்தட்ட 27 கிலோ. அதைத் தூக்கி எறிஞ்சு, இழுத்து, அடுக்கி, திரும்ப எண்ணி, இப்படி பல வருஷம். உள்ள இருந்த காயின் ஒண்ணை ஒண்ணு இடிச்சதுல விழுந்த பள்ளம்தான் பேக் மார்க்குங்கறது. கை படாத காயின்லயும் அடிபட்ட தழும்பு இருக்குறதுக்கு இதான் காரணம்.

இதுல நம்ம ஊர் சம்பந்தமும் ஒண்ணு இருக்கு. முதல் உலகப்போர் சமயத்துல இந்தியாவுல ரூபாய் நோட்டைக் குடுத்துட்டு வெள்ளி ரூபாயா குடுன்னு ஜனங்க கேக்க ஆரம்பிச்சதுல பிரிட்டிஷ் அரசாங்கத்துகிட்ட வெள்ளி தட்டுப்பாடு, அமெரிக்கா 1918ல பிட்மேன் சட்டம்னு ஒண்ணு போட்டு 27 கோடிக்கு மேல டாலரை உருக்கிச்சு, அதுல 25 கோடிக்கு மேல இந்தியாவுக்காக பிரிட்டனுக்கு வித்த வெள்ளி. உங்க பாட்டி பெட்டியில ஜார்ஜ் ராஜா தலை போட்ட 1918, 1919 வருஷத்து ரூபாய் இருந்துச்சுன்னா அது ஒரு காலத்துல மார்கன் டாலரா இருந்திருக்க வாய்ப்பு இருக்கு. இதை இங்க சொல்றதுக்கு ஒரு காரணம், எவ்ளோ அடிச்சாங்கங்கற கணக்கை மட்டும் வெச்சு எது அரிதுன்னு முடிவு பண்ணக் கூடாது, உருகினது போக மிச்சம் எப்படிப்பட்ட நிலையில தப்பிச்சுதுங்கறதுதான் விலையே. 1884-எஸ் 32 லட்சம் அடிச்சாங்க, ஆனா பெரும்பாலும் மேற்குப் பக்கம் புழக்கத்துக்குப் போயிடுச்சு, மூட்டையில தங்கல. 1881-எஸ் மூட்டை மூட்டையா தங்கிடுச்சு, அதனால இன்னிக்கும் புத்தம் புதுசு மாதிரி எங்க பாத்தாலும் கிடைக்கும்.

சரி, வேலைக்கு வருவோம்.

என்னென்ன வேணும்

ஒரே ஒரு பல்ப் போட்ட டேபிள் லாம்ப். ட்யூப்லைட் வேண்டாம், ஜன்னல் வெளிச்சமும் வேண்டாம், அந்தப் பரவலான வெளிச்சத்துல எல்லாக் குறையும் ஒளிஞ்சுக்கும். ஒரு லூப் (கண்ணுகிட்ட வெச்சுப் பாக்குற குட்டி பூதக்கண்ணாடி), 5 மடங்குல இருந்து 10 மடங்குக்குள்ள போதும், அதுக்கு மேல போனா தூசி கூட பாறாங்கல் மாதிரி தெரிஞ்சு பயமுறுத்தும். 0.01 கிராம் வரைக்கும் காட்டுற குட்டி தராசு, ஒரு காந்தம். கீழ ஒரு மெத்துன்னு துணி, கை நழுவினா காயின் அதுல விழணும். காயினை எப்பவும் விளிம்புல மட்டும் புடிக்கணும், முகத்துல கட்டைவிரல் வெச்சா அந்த ரேகை அமிலம் மாதிரி வருஷக்கணக்குல அரிச்சு பதிஞ்சுடும், அடுத்தவர் காயின்னா டீலர் மூஞ்சி மாறுறதையும் பாப்பீங்க.

முதல் வேலை: நிஜக் காயின்தானா

போலிக் காயினுக்கு கிரேடு பாத்து என்ன பிரயோஜனம். தராசுல வைங்க. தேயாத காயின் 26.73ல இருந்து 0.1 கிராம் அப்படி இப்படி இருக்கலாம், நல்லா தேஞ்சதுல இன்னும் கொஞ்சம் குறையலாம். முகம் புத்தம் புதுசா இருக்கு, எடை 25 கிராம்னா கையெடுத்துக் கும்பிட்டு வந்துடுங்க. காந்தத்துல ஒட்டுனா போலி, ஆனா ஒட்டலன்னா நிஜம்னு அர்த்தம் இல்ல, பித்தளையும் ஒட்டாதுல்ல. விளிம்பை லூப்ல சுத்திப் பாருங்க, வரி வரியா வெட்டு ஒரே சீரா இருக்கணும், நடுவுல இணைப்புக் கோடு ஓடினா வார்ப்புல எடுத்தது. முகத்துல பொரிப் பொரியா குமிழ் இருந்தாலும் அதேதான்.

விலை ஒசந்த வருஷமா இருந்தா இன்னும் ஒரு படி மேல போகணும். நிஜக் காயின்லயே மிண்ட் மார்க்கை ஒட்ட வெச்சு ஏமாத்துவாங்க, 1889 ஃபிலடெல்ஃபியா காயின்ல சிசி, 1893ல எஸ், இப்படி. எழுத்தைச் சுத்தி லூப்ல பாத்தா நிறம் மாறியிருக்கும், இல்ல அடியில மெல்லிசா ஒரு கோடு தெரியும். 1893-எஸ் மொத்தமே 1 லட்சம்தான் அடிச்சாங்க, அசல்ல முன்பக்கம் லிபர்ட்டிங்கற வார்த்தையில கடைசிக்கு முந்தின எழுத்தோட மேல்கோட்டுக்குள்ள குட்டியா ஒரு மேடான சாய்வுக்கோடு இருக்கும், அது இல்லன்னா பேச்சே வேண்டாம். உண்மையைச் சொன்னா இந்த மாதிரி வருஷங்களை முதல் ரெண்டு வருஷம் தனிக்காயினா (டப்பாவுல சீல் பண்ணி நம்பர் போடாததா) தொடவே தொடாதீங்க.

ரெண்டாவது: யாராவது கழுவிட்டாங்களா

இங்கதான் நான் மாட்டுனேன், அதனால இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்றேன், பொறுத்துக்கோங்க. நம்ம கை எப்படிப்பட்டதுன்னா வெள்ளிக் குத்துவிளக்கு கறுத்துப் போச்சுன்னா விபூதியை எடுத்து நாலு தேய் தேய்ச்சு பளிச்சுன்னு ஆக்கிடுவோம், அது நமக்கு நல்ல பழக்கம். காயின்ல அதே பளிச்சு விஷம். ஒரு சந்தையில 1880-ஓ ஒண்ணு கண்ணாடி மாதிரி மின்னிச்சு, பக்கத்துல இருந்தது எல்லாம் சாம்பல் கலர்ல அழுது வடிஞ்சுட்டு இருந்துச்சு, நானும் பெரிய புத்திசாலி மாதிரி மின்னினதை பேரம் கூட பேசாம வாங்கிட்டேன். அடுத்த மாசம் ஷோவுல ஒரு பெரியவர்கிட்ட பெருமையாக் காட்டினேன். லாம்ப்புக்கு கீழ ஒரே ஒரு தடவை சாய்ச்சுப் பாத்தார், பாத்துட்டு என்கிட்டயே குடுத்துட்டு, வெள்ளி விலைக்குப் போகும்னார். அவ்ளோதான். அந்த ஒரு சாய்ப்புல அவர் என்ன பாத்தார்னு புரிய எனக்கு ஆறு மாசம் ஆச்சு.

அவர் பாத்தது இதுதான். டைங்கற அச்சு அடிக்கும்போது வெள்ளி நடுவுல இருந்து விளிம்பு நோக்கி ஓடுது, அந்த ஓட்டத்துல கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வரிகள் ஆரக்கால் மாதிரி பதியுது. லாம்ப்புக்கு கீழ காயினை மெதுவா சாய்ச்சு சுத்தினா அந்த வரிகள்ல பட்டு ரெண்டு வெளிச்சப் பட்டை வண்டிச்சக்கரம் மாதிரி காயின் மேல சுத்தி வரும். அதுதான் லஸ்டர், சக்கரத்தை வெச்சே கார்ட்வீல்னு சொல்வாங்க. பாலிஷ் போட்ட காயின்ல வெளிச்சம் சுத்தாது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கண்ணைக் குத்தும், இல்லன்னா அலுமினியப் பாத்திரம் மாதிரி செத்துக் கெடக்கும். லஸ்டர் ஒரு தடவை போச்சுன்னா போனதுதான், திரும்பக் கொண்டுவர வழியே கிடையாது.

அப்புறம் கோடு. துணி, டூத்பேஸ்ட், சோடா உப்பு எதுல தேய்ச்சாலும் மயிரிழை மாதிரி கோடுகள் விழும், ஒரே திசையில கூட்டமா ஓடும், ஒரு கோணத்துல மட்டும் பளீர்னு தெரியும், கோணம் மாறினா மறைஞ்சுடும். அதனாலதான் சாய்க்காம பாக்காதீங்கன்னு திரும்பத் திரும்ப சொல்றேன். பேக் மார்க் அப்படி இருக்காது, அது தனித்தனியா குத்துப்பட்ட பள்ளம். சிலர் சுழலுற கம்பி பிரஷ்ல லஸ்டர் மாதிரி போலியா கொண்டு வருவாங்க, அதுல எழுத்து ஓரத்துல வெள்ளி ஒதுங்கி வரப்பு கட்டினாப்புல நிக்கும்.

டிப்புன்னு ஒண்ணு உண்டு, அமிலக் கரைசல்ல ஒரு முக்கு முக்கி கறுப்பை எடுக்குறது. ஒரு தடவை சரியா பண்ணினா நிபுணருங்களே கண்டுக்க மாட்டாங்க, கடையில வெள்ளை வெளேர்னு இருக்குற பழைய டாலர்ல நிறைய இப்படித்தான். ஆனா ஒவ்வொரு முக்குலயும் மேல் தோல் கொஞ்சம் கரையுது, நாலஞ்சு தடவை ஆனா வெள்ளையா இருக்கும், சக்கரம் சுத்தாது. புதுசா வர்றவங்களுக்கு ஒரு சுலபமான பரீட்சை சொல்றேன். முடியெல்லாம் தேஞ்சு போயிருக்கு, ஆனா காயின் வெள்ளை வெளேர்னு இருக்கு, இப்படி இருந்தா கழுவினதுன்னு எடுத்துக்கோங்க. நூறு வருஷத்துக்கு மேல ஆன, பாக்கெட்ல புழங்குன வெள்ளி சாம்பல் நிறத்துலதான் இருக்கணும், எழுத்து இடுக்குல கறுப்பு கொஞ்சம் தங்கியிருக்கணும். அன்னிக்கு நான் அழுது வடியுதுன்னு ஒதுக்குனேனே, அந்தக் காயின்தான் எல்லாம் நல்லதா இருந்திருக்கும்.

கலர் கலரா இருக்குற டோனிங் பத்தி சுருக்கமா: துணி மூட்டையிலயும் பழைய காகித ஆல்பத்துலயும் இருந்த கந்தகத்தால நிஜமாவே வானவில் கலர் வரும், அதுக்கு பெரிய விலையும் உண்டு, அதனாலயே அடுப்புலயும் கெமிக்கல்லயும் செயற்கையா பண்றவங்களும் உண்டு. தேய்ச்ச கோடு மேல கலர் ஏறி உக்காந்திருந்தா நம்பாதீங்க. கலருக்காக ஒரு பைசா கூட அதிகமா இப்போதைக்கு குடுக்காதீங்க. பச்சையா பிசுபிசுன்னு இருந்தா அது டோனிங்கே இல்ல, மட்டமான பிளாஸ்டிக் கவர்ல இருந்து கசிஞ்சது.

மூணாவது: தேய்மானத்தைப் படிக்கிறது

கிரேடு நம்பர் 1ல இருந்து 70 வரைக்கும். இது வில்லியம் ஷெல்டன்னு ஒருத்தர் 1949ல பழைய செப்புக் காசுகளுக்காகப் போட்ட கணக்கு, ரொம்ப மட்டமான காசுக்கு 1 மதிப்புன்னா ரொம்ப நல்லதுக்கு 70 மடங்குன்னு. அந்த மனுஷரே நியூயார்க்ல ஒரு சங்கத்தோட சேகரிப்புல இருந்த நல்ல சென்டுகளை எடுத்துட்டு தன்னோட மட்டமான சென்டுகளை அங்க வெச்சுட்டார்னு பிற்பாடு வெளிய வந்துச்சு, காயின் உலகத்துல இப்படி எல்லாம் நடக்கும்.

முன்பக்கத்துல முதல்ல தேயுற இடம்: காதுக்கு மேல இருக்குற முடி, கண்ணுக்கு மேல நெத்தி ஓரத்து முடி, தொப்பியோட மேல் மடிப்பு, பருத்தி இலை ஓரம், அப்புறம் கன்னம். பின்பக்கத்துல கழுகோட நெஞ்சு, காலோட மேல்பாகம், றெக்கை நுனி, நகம். இந்த இடங்களை மட்டும் பாத்தாலே முக்கால்வாசி வேலை முடிஞ்சுடும்.

நம்பருக்கு முன்னாடி வர்ற எழுத்து ரகத்தோட பேர்: ஜின்னா குட், எஃப்னா ஃபைன், விஎஃப்னா வெரி ஃபைன், எக்ஸ்எஃப்னா எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், ஏயூன்னா முதல்ல சொன்ன அந்த "கிட்டத்தட்ட தேயல" ரகம். ஜி 4ன்னா முடி எல்லாம் மொழுமொழுன்னு ஒரே பாளமா இருக்கும், வருஷமும் எழுத்தும் மட்டும் படிக்கலாம். எஃப் 12ல முகத்தையும் முடியையும் பிரிக்கிற கோடு தெளிவாத் தெரியும், ஆனா கழுகோட தலை, கழுத்து, நெஞ்சு எல்லாம் தட்டையா ஒண்ணோட ஒண்ணு கலந்திருக்கும். விஎஃப் 20ல நெத்தியில இருந்து காது வரைக்கும் முடியில அங்கங்க வழவழப்புத் திட்டு, நெஞ்சு வழவழன்னு, றெக்கை நுனி மங்கலா இருந்தாலும் கோடு முழுசா இருக்கும். எக்ஸ்எஃப் 40 வந்தா முடிக்கோடு எல்லாம் நல்லா எண்ணுற மாதிரி இருக்கும், காதுக்கு மேலயும் நெத்தியிலயும் தேய்மானம், நெஞ்சு இறகு இன்னும் பெரும்பாலும் காணாது, எழுத்து இடுக்குல கொஞ்சம் லஸ்டர் ஒளிஞ்சிருக்கும். சாதாரண வருஷத்துல இதுவரைக்கும் விலை பெரும்பாலும் வெள்ளி விலையை ஒட்டித்தான் போகும், அதனால இந்த ரகத்துல 12ஆ 15ஆன்னு மண்டையை உடைச்சுக்க வேண்டாம். ஒரு காயின்ல 0.7734 ட்ராய் அவுன்ஸ் (வெள்ளி, தங்கத்துக்கான எடை அளவு) வெள்ளி இருக்கு, அன்னிக்கு ஒரு ட்ராய் அவுன்ஸ் வெள்ளி விலையை அதால பெருக்கினா அடிமட்ட விலை வந்துடும், அதை மனசுல வெச்சுக்கிட்டு பேரம் பேசுங்க.

ஏயூ 50ல இருந்து 58 வரைக்கும்தான் கண்ணுக்கு வேலை. ஏயூ 50ல மேட்டுல எல்லாம் தேய்மானத்தோட சாயல், கன்னத்துல லஸ்டர் போயிருக்கும், பாதி காயின்லதான் சக்கரம் சுத்தும். ஏயூ 55ல முக்கால்வாசி லஸ்டர் இருக்கும். ஏயூ 58 முழுசா புதுசு மாதிரியே இருக்கும், கன்னத்துலயும் கண்ணுக்கு மேல முடியிலயும் மட்டும் ஒரு சின்ன மங்கல். இதைத்தான் நிறைய பேர் எம்எஸ்னு (மிண்ட் ஸ்டேட், அதாவது தேயவே தேயாத காயின்) சொல்லி விப்பாங்க. கண்டுபிடிக்கிற வழி ஒண்ணுதான், சக்கரம் கன்னத்துக்கு மேல ஏறும்போது கவனிங்க, உடையாம வழுக்கிக்கிட்டு கடந்து போச்சுன்னா தேயல, கன்னத்து மேட்டுல ஒரு நொடி அணைஞ்சு சாம்பல் திட்டு தெரிஞ்சு அந்தப் பக்கம் திரும்ப எரிஞ்சுச்சுன்னா அது புழங்குன காயின். அதே பரீட்சையை கழுகு நெஞ்சுலயும் பண்ணுங்க. 1884-எஸ், 1901 ஃபிலடெல்ஃபியா, 1889-சிசி மாதிரி வருஷத்துல இந்த ஒரு சாம்பல் திட்டுதான் ஆயிரக்கணக்கான டாலர்.

இப்போ மிண்ட் விஷயம், முன்னாடி பாதியில விட்டேனே. நியூ ஆர்லியன்ஸ்ல நிறைய வருஷம் அழுத்தம் பத்தாம அடிச்சுத் தள்ளினாங்க, காயின் மிண்டை விட்டு வெளிய வரும்போதே காதுக்கு மேல முடி தட்டை, கழுகு நெஞ்சும் தட்டை, ஏன்னா இந்த ரெண்டு இடமும் காயினோட நடுவுல முன்னும் பின்னுமா ஒண்ணுக்கு நேரா ஒண்ணு இருக்கு, ரெண்டு பக்கமும் மேடா எழும்ப வெள்ளி பத்தல. புதுசா பாக்குறவங்க இதைத் தேய்மானம்னு நினைச்சு நல்ல காயினை விட்டுடுவாங்க, இல்ல தேஞ்ச காயினை டீலர் "இது ஸ்ட்ரைக்கே (மிண்ட்ல அடிச்ச விதமே) அப்படித்தாங்க"ன்னு தள்ளிவிடுவார், நம்பி வாங்கிடுவாங்க. ரெண்டுக்கும் மருந்து லஸ்டர்தான். தட்டையான இடத்துலயும் சக்கரம் சுத்துதா, அது ஸ்ட்ரைக். தட்டையான இடம் மட்டும் சாம்பலா மங்கிக் கெடக்கா, அது தேய்மானம், டீலர் என்ன கதை சொன்னாலும் சரி. சான் பிரான்சிஸ்கோ 1879ல இருந்து 1882 வரைக்கும் அடிச்சதெல்லாம் செதுக்கி வெச்ச மாதிரி இருக்கும், அதுல முடி தட்டையா இருந்தா சாக்கு சொல்ல வழியே இல்ல.

1921ஐ தனியா வைங்க. பழைய மூல அச்சை 1910ல அழிச்சுட்டாங்க, மார்கனே திரும்ப உக்காந்து புதுசா செஞ்சார், அதுல மேடு கம்மி, கழுகு நெஞ்சு தட்டை, முகமே கொஞ்சம் உயிரில்லாம இருக்கும். அந்த ஒரு வருஷத்துல ஃபிலடெல்ஃபியா மட்டும் 4 கோடியே 46 லட்சத்துக்கு மேல அடிச்சுது, அதனால கடையில முதல்ல உங்க கையில திணிக்கிறது இதாத்தான் இருக்கும். வெள்ளிக்காக வாங்கினா சரி, கிரேடு பழக இதை எடுக்காதீங்க.

நாலாவது: எம்எஸ்குள்ள நம்பர்

60ல இருந்து 70 வரைக்கும் எல்லாமே தேயாத காயின்தான், வித்தியாசம் எல்லாம் மூட்டையில வாங்குன அடியும் லஸ்டரும் ஸ்ட்ரைக்கும் பாக்குற லட்சணமும். மார்கன் டாலர்ல கன்னம்தான் எல்லாம், பெரிய வெறும் மைதானம் மாதிரி இருக்கு, ஒரு தழும்பு விழுந்தாலும் அங்க ஒளிய இடமில்ல. முடிக்குள்ள பத்து தழும்பு இருந்தா யாரும் கண்டுக்க மாட்டாங்க, கன்னத்துல ரெண்டு ஆழமா இருந்தா 63க்கு மேல போறது கஷ்டம். மூக்குக்கு முன்னாடி இருக்குற வெத்து இடம் அடுத்தது. பின்பக்கத்துல இறகு, இலைன்னு கசமுசான்னு இருக்குறதால நிறைய மறைஞ்சுடும், அதனால முன்பக்கம் பாத்துத்தான் நம்பர் முடிவாகும்.

லூப்பை கீழ வெச்சுட்டு வெறுங்கண்ணால ஒரு முழம் தள்ளிப் புடிச்சுப் பாருங்க. பாத்த உடனே கன்னத்துத் தழும்புதான் கண்ணுல படுதுன்னா 60ல இருந்து 62. தழும்பு இருக்கு, ஆனா முகமும் தெரியுதுன்னா 63. தேடினாத்தான் தெரியுது, லஸ்டரும் நல்லா இருக்குன்னா 64. கன்னம் கிட்டத்தட்ட சுத்தமா இருந்து சக்கரம் தடையில்லாம சுத்தினா 65ன்னு பேசலாம். 64க்கும் 65க்கும் நடுவுல கிரேடு போடுற கம்பெனிக்காரங்களே தடுமாறுவாங்க, ஒரே காயினை ரெண்டு தடவை அனுப்பினா ரெண்டு நம்பர் வர்றதும் நடக்கும். கன்னத்துல மட்டும் மெழுகு தடவினாப்புல ஒரு மங்கல் பூச்சு இருந்தா உஷாரா இருங்க, தழும்பை மறைக்க மூக்கு எண்ணெயைத் தடவுற ஆளுங்களும் உண்டு, கேக்கவே அருவருப்பா இருக்குல்ல.

என் சொந்த அபிப்ராயம், அடி வாங்கி மூஞ்சி நொந்த எம்எஸ் 60ஐ விட சுத்தமான ஏயூ 58 எவ்ளோ அழகுன்னு பக்கத்துல வெச்சுப் பாத்தவங்களுக்குத் தெரியும், விலையும் பெரும்பாலும் கம்மி.

ஸ்லாப், ஆன்லைன், விலை பேசறது

பிசிஜிஎஸ் 1986லயும் என்ஜிசி 1987லயும் ஆரம்பிச்சாங்க, காயினைப் பாத்து நம்பர் போட்டு பிளாஸ்டிக் டப்பாவுல சீல் பண்ணித் தருவாங்க, அதைத்தான் ஸ்லாப்னு சொல்றது. இந்த ரெண்டு பேர் ஸ்லாப்ல வந்த காயினை மத்தவங்க மறுபேச்சு இல்லாம வாங்குவாங்க, பேர் தெரியாத கம்பெனி ஸ்லாப்ல 66ன்னு இருந்தா லேபிளை மறந்துட்டு தனிக்காயின் மாதிரியே பாருங்க. லேபிள்ல நம்பருக்குப் பதிலா டீடெயில்ஸ்னு எழுதியிருந்தா கழுவினதோ கீறினதோ, ஏதோ சேதம்னு அர்த்தம். டப்பாவையே போலி பண்றாங்க, அதனால லேபிள்ல இருக்குற சான்று நம்பரை அந்த கம்பெனி சைட்ல போட்டு, படம் இருந்தா ஒவ்வொரு தழும்பையும் ஒத்துப் பாத்துடுங்க.

ஆன்லைன்ல போட்டோவைப் பாத்து ஏயூவா எம்எஸ்ஸா சொல்றது எனக்கு இன்னும் வரல, நல்ல வெளிச்சம் போட்டு எடுத்தா எல்லாக் காயினும் எம்எஸ்தான். லாம்ப்புக்கு கீழ சாய்ச்சு சுத்துற பத்து செகண்டு வீடியோ கேளுங்க. குடுக்க மாட்டேன்னா விட்டுடுங்க, 1881-எஸ் உலகத்துல தீந்து போகல. திருப்பி எடுத்துப்பாங்களான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.

கடையில, ஷோவுல பாக்கும்போது விலைச் சீட்டை விரலால மறைச்சுட்டு முதல்ல உங்க கிரேடை மனசுக்குள்ள சொல்லுங்க, அப்புறம் சீட்டைப் பாருங்க. விலையைப் பாத்துட்டா கண்ணு அதுக்கு ஏத்த மாதிரி நல்லதையே தேடும். ஒரே லாம்ப்புல எல்லாம் பாக்காதீங்க, சில மேஜையில லைட்டே மழுப்பலா போட்டிருப்பாங்க, கூச்சப்படாம வேற லைட் கேளுங்க.

கண்ணு பழக ஒரு வழி, நான் லேட்டாப் பண்ணினது. பிசிஜிஎஸ் இல்ல என்ஜிசி ஸ்லாப்ல எம்எஸ் 63 1881-எஸ் ஒண்ணு, ஏதாவது சாதாரண வருஷத்துல ஏயூ 58 ஒண்ணு, சாம்பல் கலர் விஎஃப் தனிக்காயின் ஒண்ணு, இந்த மூணையும் வாங்கி வீட்டு லாம்ப் கீழ தினம் அஞ்சு நிமிஷம் சுத்திப் பாருங்க. முடிஞ்சா கழுவின காயின் ஒண்ணும் வெள்ளி விலைக்கு வாங்கி வெச்சுக்கோங்க, என்னோட 1880-ஓ இப்போ அந்த வேலையைத்தான் பாக்குது. ஒரு மாசத்துல சக்கரம் உடையுறது தானா கண்ணுல படும்.

வாங்கினதுக்கப்புறம் மெல்லிசா மெத்துன்னு வளையுற பிளாஸ்டிக் கவர்ல போடாதீங்க, அதுலதான் அந்தப் பச்சை கசியும். பிவிசி இல்லாத கவரோ கெட்டியான வட்ட டப்பாவோ போதும், ஈரம் அண்டாத இடமா பாத்து வைங்க. கூடவே ஒரு துண்டுக் காகிதத்துல தேதி, குடுத்த விலை, நீங்க போட்ட கிரேடு மூணையும் எழுதி வெச்சுடுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு திரும்ப லாம்ப் கீழ எடுத்துப் பாக்கும்போது உங்க நம்பரை நீங்களே அடிச்சுட்டு வேற எழுதுவீங்க, பெரும்பாலும் ரெண்டு மூணு நம்பர் கீழ.